கம்ப்யூட்டர் உங்களுடையது, அதில் இருக்கும் ஆதார் யாருடையது?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் என்னிடம் அதிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “மாத்தணுமா, இப்படியே ஓட்டலாமா?” பதில் சொல்லும் முன் நான் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். அந்த மெஷின் நெட்டில் இருக்கிறதா? அதற்குள் யாருடைய விவரங்கள் கிடக்கின்றன?

பாளையங்கோட்டையில் ஒரு டிடிபி கடை. அங்கே இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறது. 2001-இல் வந்த எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துவிட்டது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அதில் உள்ள பேஜ்மேக்கரில்தான் தயாராகின்றன. பேஜ்மேக்கருக்கு ஏழாம் பதிப்போடு அடோபி நிறுவனம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது என்றாலும், இந்தக் கடையின் பழைய ஃபைல்கள் அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை. புது மெஷினில் திறந்தால் ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கும் வரி ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறி நிற்கும். ஒரு வீட்டில் மூத்தவளுக்கு அடித்த பத்திரிகையை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி இளையவளுக்கு அடித்துக் கொடுப்பதுதான் அங்கே பிழைப்பு. “ஓடுத வண்டிய ஏம்டே நிப்பாட்டச் சொல்லுத?” என்று அண்ணாச்சி கேட்டார். அவர் கேட்டது நியாயம். நெட் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு, ஃபைல்களை இரண்டு ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்துக் கொடுத்தேன். வெளியாள் கொண்டுவரும் பென் டிரைவை வேறொரு மெஷினில் ஸ்கேன் செய்யாமல் இதில் செருகக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. 2008-இல் கிளம்பிய கான்ஃபிக்கர் வைரஸ் பென் டிரைவ் வழியாகவும்தான் ஊரெல்லாம் பரவியது. அந்த மெஷின் இன்னும் எத்தனை வருஷம் ஓடினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பிரவுசிங் சென்டர் கதை வேறு. எனக்குத் தெரிந்த ஒன்றில் விண்டோஸ் 7 ஓடுகிறது. அதற்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தது. 2023-இல் குரோமும் கைவிட்டது. 109-ஆம் பதிப்போடு பிரவுசரும் நின்றுபோனது. அந்த மெஷினின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். யார் யாருடையதோ ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், பட்டா, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பான் கார்டு. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்த பாட்டியின் போட்டோவும் அதில் கிடக்கிறது. ஆதார் பிடிஎஃபுக்குப் பாஸ்வேர்டு உண்டே என்பார்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அந்தப் பாஸ்வேர்டு. இரண்டையுமே பக்கத்தில் கிடக்கும் மதிப்பெண் பட்டியல் சொல்லிவிடும்.

“என்கிட்ட திருட என்ன சார் இருக்கு?” என்கிறார் கடைக்காரர். அவரிடம் இல்லாமல் இருக்கலாம். அவரை நம்பிக் காகிதத்தை நீட்டியவர்களிடம் இருக்கிறது. தன் மெஷின், தன் இஷ்டம் என்று அவர் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அப்டேட் இல்லாத மெஷின் என்ன ஆகும் என்பதை 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் காட்டியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளும் அறுவை சிகிச்சைகளும் தள்ளிப்போயின. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல. அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 மெஷின்கள். அப்டேட்டைப் போடாமல் விட்டதுதான் வினை. டேட்டா தீர்ந்துவிடுகிறது என்று நம் ஊரில் அப்டேட்டை அணைத்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் மீது எனக்குக் கோபமும் உண்டு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும் என்கிறார்கள். 2016-இல் வாங்கிய ஆறாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி. கடன் வாங்கி அதை வாங்கியவரிடம், நன்றாக ஓடுகிற மெஷினைக் காயலான் கடைக்குப் போடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? நிபந்தனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் குறுக்குவழிகள் இருக்கின்றன. அப்படி ஏற்றினால் அப்டேட்டுக்கு உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. அதனால் தொழில் நடக்கும் மெஷினில் நான் அதைச் செய்வதில்லை.

வீட்டு உபயோக விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அறிவித்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் அதற்குக் காசில்லை. அதற்குமேல் நான் கைகாட்டுவது லினக்ஸைத்தான். லினக்ஸ் மின்ட் பழைய மெஷினிலும் ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். இது நமக்குப் புதிதும் அல்ல. அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்களில் மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கேரள அரசுப் பள்ளிகள் பல வருஷமாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் மட்டும் அவை அதில் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு மாற வேண்டும்.

பிறர் ஆவணத்தைக் கையாளும் கடைகளுக்கு உரிமம் தரும் அதிகாரிகள், மேஜையும் பெயர்ப்பலகையும் இருக்கிறதா என்று பார்ப்பதோடு மெஷினில் என்ன ஓடுகிறது என்றும் பார்க்கட்டும். வாடிக்கையாளர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிரின்ட் கையில் வந்ததும், “நம்ம ஃபைலை அழிச்சிருங்க, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிருங்க” என்று சொல்லுங்கள். அவர் முகத்தைச் சுளித்தாலும், அழித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.