கன்றின் கண்ணைச் சுற்றி சாம்பல் நிற வட்டம்

கேள்வி: "எங்கள் கலப்பினக் கன்றுக்கு ஐந்து மாதம். கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் முடி கொட்டி, சாம்பல் பூசியதுபோல் வட்ட வட்டமாகப் பொருக்கு கட்டியிருக்கிறது. கழிவு ஆயில் தடவினால் போய்விடும் என்கிறார்கள். தடவலாமா? கன்றோடு விளையாடும் மகளின் கையிலும் ஒரு வட்டம் தெரிகிறது."
- வாசகி, வேப்பந்தட்டை, பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: கழிவு ஆயில் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும், கன்று நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

அறிகுறிகளைப் பார்த்தால் இது படர்தாமரை. பூஞ்சையால் வருவது. சொறி என்றால் கன்று கம்பத்தில் ஓயாமல் உரசும். படர்தாமரையில் அரிப்பு குறைவு. சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவர் பொருக்கைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்.

முதலில் மகளைக் கவனிக்க வேண்டும். இந்தப் பூஞ்சை மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும். ஆரம்ப சுகாதார நிலையத்தில், வீட்டில் கன்றுக்கும் இருப்பதைச் சொல்லிக் காட்டுவது நல்லது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் படைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், ஆனால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். லேசில் ஆறாத படையோடு இன்று பலர் அலைவதற்கு இந்தக் களிம்புகளும் ஒரு காரணம்.

கன்றுக்கு: கையுறை போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பொருக்கை ஊறவைத்து மெதுவாக எடுக்க வேண்டும். எடுத்ததைக் குப்பைக்குழியில் போடாமல் எரித்துவிட வேண்டும். பிறகு போவிடோன் அயோடின் தடவலாம். கண்ணருகே மட்டும் மருத்துவர் தரும் மருந்துதான். சீமை அகத்தி இலையை அரைத்துப் போடுவது பழைய கைவைத்தியம். கழுத்துக்குப் போடலாம், கண்ணருகே கூடாது. எதுவும் போடாமலே பல கன்றுகளுக்கு ஒன்றிலிருந்து நான்கு மாதத்தில் தானாகவே ஆறிவிடும். அதனால்தான் கடைசியாகத் தடவியது எதுவோ, கழிவு ஆயில் உட்பட, அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது.

கன்று தேறினாலும் கொட்டகை தேறாது. உதிர்ந்த முடியிலும் பொருக்கிலும் இருக்கும் பூஞ்சை வித்துகள் மரக்கம்பத்திலும் கயிற்றிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த ஈற்றுக் கன்றுக்கும் அங்கிருந்தே வரும். பழைய கயிற்றை எரித்துவிட்டு, சாணத்தை வழித்துக் கழுவிய பிறகு தரையிலும் கம்பத்திலும் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளிக்க வேண்டும். காயும்வரை மாடுகள் வெளியே இருக்கட்டும். ஆறும்வரை கன்றைத் தனியாக, காலை வெயில் படும் இடத்தில் கட்டுவது நல்லது. பசுந்தீவனம் குறையக் கூடாது. மற்ற கன்றுகளுக்கும் வட்டம் தெரிந்தால் 1962-க்கு அழைக்கலாம்.