மலைக்குப் பின்னாடி மறையுற சூரியனுக்கு மணி என்ன பாஸ்?



பிளவக்கல் பக்கம் போயிருக்கீங்களா? போகாதவங்களுக்கு ஒரு வழி சொல்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வத்திராயிருப்பு போய், அங்கிருந்து மலையைப் பார்த்துப் போய்க்கிட்டே இருங்க. மலையடிவாரத்துல ரெண்டு அணை வரும். ஒண்ணு பெரியாறு (பேப்பர்ல அடிக்கடி அடிபடுற முல்லைப் பெரியாறு இல்லீங்க, இது நம்ம லோக்கல் பெரியாறு!), இன்னொண்ணு கோவிலாறு. தண்ணி இருக்கிற சீஸன்ல போனா செல்போன்ல சார்ஜ் தீர்ற வரைக்கும் போட்டோ எடுப்பீங்க.

இங்கே மேற்குப் பக்கம் பூரா மலை. ஜூன் மாசம் நம்ம ராஜபாளையம் வட்டாரத்துக்கு சூரியன் மறையுற நேரம் கணக்குப்படி சாயங்காலம் 6.40. ஆனா அணைக்கரையில நின்னா, அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆள் மலைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவார். அதே நிமிஷம் கிழக்கே சாத்தூர்ல வெயில் மூஞ்சியில அடிச்சுக்கிட்டு இருக்கும். மலையடிவாரத் தோப்புக்காரங்க வேலையை முடிச்சுக் கிளம்பியிருப்பாங்க. இருட்டினா காட்டுப்பன்னி வரும், யானை வரும். ரெண்டு ஊர்லயும் வாட்ச்ல மணி ஒண்ணுதான்.

ஒரே மாவட்டத்துக்குள்ள மலை பண்ற வேலை இது. அப்போ குஜராத்துக்கும் அருணாசலப் பிரதேசத்துக்கும் நடுவுல எவ்வளவு இருக்கும்? பூமி ஒரு டிகிரி சுத்த 4 நிமிஷம். இந்தியா மேற்கு ஓரத்துல இருந்து கிழக்கு ஓரம் வரைக்கும் சுமார் 29 டிகிரி. பெருக்கிப் பாருங்க... கிட்டத்தட்ட 2 மணி நேரம்! ஜனவரியில துவாரகாவுல சூரியன் எழுந்திரிக்கவே ஏழரை ஆகும். டிசம்பர்ல குவாஹாட்டியில சாயங்காலம் நாலரைக்கெல்லாம் சூரியன் அவுட். ரெண்டு ஊர்லயும் ஆபீஸ் 10 மணிக்குத்தான்.

இந்த ஒரே மணி 82.5 டிகிரி தீர்க்கரேகையில இருந்து வருது. உத்தரப்பிரதேசத்துல மிர்சாபூர் பக்கமும், ஆந்திராவுல காக்கிநாடா பக்கமும் போற கோடு அது. நாம இருக்கிறது 77.5. அஞ்சு டிகிரி வித்தியாசம், அஞ்சு நாலு இருபது நிமிஷம். அதாவது நம்ம வாட்ச் நம்ம சூரியனைவிட சராசரியா 20 நிமிஷம் முந்தி ஓடுது. நம்ம தாத்தா கணக்குல கிட்டத்தட்ட ஒரு நாழிகை (ஒரு நாழிகை 24 நிமிஷம்).

இதுல ஒரு காமெடி இருக்கு. திங்கக்கிழமை ராகு காலம் ஏழரை டு ஒன்பதுன்னு காலண்டர்ல போட்டிருக்கும். சூரியன் 6 மணிக்கு உதிச்சு 6 மணிக்கு மறையும்னு வெச்சு, பகலை எட்டாப் பிரிச்ச கணக்கு அது. ஜனவரி கடைசியில நம்ம ஊர்ல சூரியன் உதிக்கிறது 6.42. அன்னிக்கு நிஜக் கணக்கு போட்டா, ராகு காலம் சுமார் 8.10ல ஆரம்பிச்சு 9.38 வரைக்கும் இழுக்கும். ஒன்பது அடிச்சதும் விபூதி பூசிக்கிட்டு எக்ஸாமுக்குக் கிளம்புறவங்க எல்லாம் நட்ட நடு ராகு காலத்துல கிளம்புறாங்க. அரியருக்குக் காரணம் கிடைச்சாச்சு!

சரி, இந்த ஒத்தை மணியை யார் கொண்டுவந்தா? 1906க்கு முன்னாடி பம்பாய்க்கு ஒரு டைம், கல்கத்தாவுக்கு ஒரு டைம், நமக்கு 'மெட்ராஸ் டைம்'. நுங்கம்பாக்கத்துல 1792ல கட்டின வானாய்வுக்கூடத்தோட தீர்க்கரேகையை வெச்சுக் கணக்கு போட்ட டைம் அது. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிஷம் 14 செகண்டு முன்னாடி. ரெண்டு பெரிய ஊருக்கும் நடுவுல இருந்ததால இந்திய ரயில்கள் ரொம்ப வருஷம் நம்ம மெட்ராஸ் டைம்லதான் ஓடுச்சு. காலர் தூக்கிவிட்டுக்கலாம். 1906 ஜனவரி 1ல இந்திய நேரம்னு ஒண்ணு வந்தப்ப மெட்ராஸ் கடிகாரத்தை 9 நிமிஷம் தள்ளி வெச்சாங்க. நம்மாளுங்களுக்கு அது பெரிய விஷயமில்ல.

பம்பாய்ல கதையே வேற. அங்கே வித்தியாசம் 39 நிமிஷம். காலையில ஆறு மணிக்கு மில்லுக்கு வான்னா, பழைய கணக்குல 5.21க்கே வான்னு அர்த்தம். அந்த ஜனவரியிலேயே மில் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாம கல்லெறிஞ்சாங்க. பம்பாய் டைம் 1955 வரைக்கும் உயிரோட இருந்தது. கல்கத்தா டைம் 1948 வரைக்கும். கடிகார முள்ளைத் தள்ளினா யாரோட தூக்கத்துல கை வெக்கிறோம்னு அந்தத் தொழிலாளிங்களுக்கு உடனே புரிஞ்சுபோச்சு.

நம்ம ராஜபாளையமும் மில் ஊர்தான். ஆனா இங்கே ராஜபாளையம் மில்ஸ் வந்ததே 1936ல. அதுக்கு 30 வருஷம் முன்னாடியே புது மணி செட்டில் ஆகியாச்சு. அதனால நம்ம மில் சங்குக்கும் சூரியனுக்கும் நடுவுல இருக்கிற அந்த 20 நிமிஷத்தை யாரும் கேள்வி கேட்கல. மூணு ஷிப்ட் ஓடுற இடத்துல சூரியனை யார் பார்க்குறா?

கேள்வி கேட்கிறவங்க வடகிழக்குல இருக்காங்க. எங்க ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் பையன் அசாம்காரன். காலையில நாலரைக்கு எழுந்து பக்கெட்டை உருட்டி எங்க எல்லார் சாபத்தையும் வாங்குவான். "எங்க ஊர்ல ஜூன் மாசம் இந்நேரம் விடிஞ்சிருக்கும்டா"ன்னுவான். அவன் தங்கச்சி ப்ளஸ் டூ. டிசம்பர்ல அவ டியூஷன் விட்டு வர்றது ஆறு மணிக்கு. இருட்டி ஒண்ணரை மணி நேரம் ஆகியிருக்கும். அப்பா தினமும் ஸ்கூட்டரோட ரோட்டு முனையில நிப்பாராம். அவர் வர முடியாத நாள்ல டியூஷன் கட். அந்த வீட்ல காலை வெளிச்சம் யாருக்கும் உபயோகமில்லாம வீணாப் போகுது. சாயங்கால இருட்டு ஒரு பொண்ணோட மார்க்கைத் தின்னுது.

அதே அசாம்ல தேயிலைத் தோட்டத்துக்குள்ள போனா மணி மாறிடும்! 'பகான் டைம்', அதாவது தோட்ட நேரம். ஐ.எஸ்.டி.யைவிட ஒரு மணி நேரம் முன்னாடி. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிங்க காலத்துல ஆரம்பிச்சது, பல தோட்டங்கள்ல இன்னும் ஓடுது. வெளிச்சம் இருக்கும்போதே கொழுந்து பறிச்சு முடிக்கணுமே. வியாபாரம்னு வந்துட்டா சூரியனுக்கு மரியாதை தானா வந்துடுது. பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கு மட்டும் ஐ.எஸ்.டி.

மேற்கு ஓரத்துல பிரச்னை தலைகீழா இருக்கு. அங்கே சூரியன் லேட்டா மறையும், புள்ளைங்க லேட்டாத் தூங்கும், ஆனா ஸ்கூல் மணி எல்லா ஊர் மாதிரிதான் அடிக்கும். மௌலிக் ஜக்னானிங்கிற பொருளாதார ஆய்வாளர் இந்தியப் புள்ளிவிவரங்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணினார். சூரியன் மறையுறது ஒரு மணி நேரம் தள்ளிப்போனா குழந்தைங்க தூக்கத்துல அரை மணி நேரம் குறையுதுன்னும், அது படிப்பைப் பாதிக்குதுன்னும் கண்டுபிடிச்சார். அடி அதிகமா விழறது ஏழை வீட்டுப் புள்ளைங்களுக்கு. தனி ரூமும் கனமான திரைச்சீலையும் அவங்ககிட்ட ஏது?

'அப்போ ரெண்டு டைம் வெச்சுட்டா முடிஞ்சுதே'ங்கிறீங்களா? டெல்லியில இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகம் (நாட்டுக்கே மணி சொல்றது இவங்கதான்) 2018ல அதைத்தான் எழுதினாங்க. அசாம், மேற்கு வங்க எல்லையில கோடு போட்டு, கிழக்கே ஒரு மணி நேரம் கூட்டி வெக்கலாம். கோடு ரயில் பாதையைத் தொடுற இடத்துல மாத்த வேண்டியது நியூ கூச்பிஹார், அலிப்பூர்துவார்னு ரெண்டே ஸ்டேஷன்தான். வருஷத்துக்கு 2 கோடி யூனிட் கரண்ட் மிச்சம்னும் கணக்கு காட்டினாங்க. மத்திய அரசு ஒத்துக்கல.

அரசு பயப்படுறதுலயும் நியாயம் இருக்கு. ஒரே மணி இருக்கிறதாலதான் சென்னை ரயில் எத்தனை மணிக்குன்னு பார்க்கிறப்ப 'எந்த ஊர் டைம்?'னு நாம கேட்கிறதில்ல. பேங்கு, பங்குச் சந்தை, ஆன்லைன் இன்டர்வியூ எல்லாத்துக்கும் ஒரே கணக்கு. சீனாவைப் பாருங்க. நம்மைவிட அகலம், 1949ல இருந்து நாடு முழுக்க பெய்ஜிங் மணி. மேற்கே சின்ஜியாங்குல உய்குர் மக்கள் ரெண்டு மணி நேரம் பின்தங்கின லோக்கல் மணியைத் தனியா வெச்சுக்கிட்டாங்க. 'எத்தனை மணிக்கு வர்றே?'ன்னு கேட்டா, எந்த மணின்னு அடுத்த கேள்வி வரும். அதோட, யார் எந்த மணி சொல்றாங்கங்கிறதே அரசியல் ஆகிடும்.

அந்த அரசியலை நம்ம தமிழ் சனங்க பக்கத்துலயே அனுபவிச்சிருக்காங்க. இலங்கையில 1996 மே மாசம் கரண்ட் தட்டுப்பாடுன்னு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளினாங்க. அதே வருஷம் அக்டோபர்ல அரை மணி குறைச்சாங்க. 2006 ஏப்ரல்ல பழையபடி நம்ம மணிக்கே வந்துட்டாங்க. நடுவுல இருந்த பத்து வருஷமும் விடுதலைப் புலிகள் கட்டுப்பாட்டுல இருந்த பகுதியில பழைய மணிதான். சோதனைச் சாவடியைத் தாண்டினா வாட்ச்சைத் திருப்பணும். சின்னத் தீவுக்குள்ள ரெண்டு மணி!

என்னைக் கேட்டா, நாட்டுக்கு ஒரே மணி இருந்துட்டுப் போகட்டும். ஆனா எத்தனை மணிக்குக் கதவைத் திறக்கிறதுங்கிறதும் நாட்டுக்கே ஒண்ணா ஏன் இருக்கணும்? குவாஹாட்டியில ஸ்கூல் ஏழு மணிக்கு ஆரம்பிச்சு ஒரு மணிக்கு முடியட்டும். துவாரகாவுல குளிர்காலத்துல ஒன்பதரைக்குத் தொடங்கட்டும். ரயிலும் பேங்கும் அதுபாட்டுக்கு ஓடும். கடிகாரத்தை மாத்தத்தான் டெல்லிக்குப் போகணும். மலையடிவார ஊருக்கு சாயங்கால பஸ்ஸை அரை மணி முன்னாடி விடுறதுக்கு டிப்போவுல ஒரு கையெழுத்து போதும். ஸ்பெஷல் கிளாஸ் முடிச்சு, தோப்பு வழியா செல்போன் டார்ச் அடிச்சுக்கிட்டு வீட்டுக்கு நடக்கிற பொண்ணுங்க நம்ம பக்கமும் இருக்காங்க. 'ஆறு மணிதானே ஆச்சு, என்ன பயம்?'னு கேட்கிற வாத்தியார் ஒரு நாள் அவங்க கூட நடந்து பார்க்கலாம்.

இந்த வார ஹோம்வொர்க். மொட்டை மாடியில ஒரு குச்சியை நேரா நட்டு, நிழல் எப்போ ரொம்பக் குட்டையாகுதுன்னு பாருங்க. அதான் உங்க ஊரோட நிஜமான உச்சிப்பொழுது. ராஜபாளையத்துல அது பிப்ரவரியில 12.34 வரைக்கும் போகும், நவம்பர்ல 12.03க்கே வந்துடும். உங்க ஊர்ல எத்தனைன்னு எழுதி அனுப்புங்க. குச்சி கிடைக்கலன்னா பக்கத்து ரூம்காரனை நிக்க வைங்க.