முப்பட்டகப் படத்தைத் தூக்கிப் போடுங்கள்!

ஆப்டிகல் ஃபைபர் பாடத்தில் ஒரு படம் வரும். இடது பக்கம் ஃபைபர், நடுவே முப்பட்டகம், வலது பக்கம் வானவில் மாதிரி பிரிந்து போகும் நாலு கோடுகள். பரீட்சையில் வரைந்தால் மார்க் நிச்சயம். ஆனால் படம் சொல்வது நடக்காத காரியம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1550 நானோமீட்டர் பகுதியில் அடுத்தடுத்த சேனல்களுக்கு நடுவே 100 கிகாஹெர்ட்ஸ் இடைவெளி என்றால், அலைநீளத்தில் அது வெறும் 0.8 நானோமீட்டர். 60 டிகிரி சிலிக்கா முப்பட்டகம் வழியாக இந்த இரண்டையும் அனுப்பினால், ஒரு மீட்டர் தள்ளிப் போன பிறகும் இரண்டுக்கும் இடையே சுமார் 0.014 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை!! ஒளிக்கற்றையே அதைவிடப் பருமன்.

நிஜத்தில் வேலை செய்வது வேறு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மைன்ட் ஸ்மிட் 1988-இல் வெளியிட்ட யோசனை அது. ஒரே ஒளி பல அலைவழிகளில் பிரிந்து போகும். ஒவ்வொரு வழியும் பக்கத்து வழியைவிட ஒரே அளவு நீளம் கூடுதல். மறுமுனையில் எல்லாம் சேரும்போது, அலைநீளத்துக்கு ஏற்றபடி கட்ட வித்தியாசம் மாறும், ஒளி குவியும் இடமும் நகரும். அந்தந்த இடத்தில் ஒரு வாசல் வைத்தால் போதும். பிரிப்பது கண்ணாடியின் குணம் அல்ல, வரைந்து வைத்த நீளம்.

"மாணவர்களுக்கு எளிமையாக இருக்கட்டுமே" என்பார்கள். ஓட்டப்பந்தய மைதானத்தில் வெளிவட்டம் நீளம் என்பது எட்டாம் வகுப்புப் பையனுக்கே தெரியும். அதை வைத்துச் சொன்னால் புரியாதா என்ன?

நஷ்டம் செமிகண்டக்டர் பக்கம் வரும்போதுதான் தெரிகிறது. இண்டியம் பாஸ்பைடில் செய்தால் அதே சிப்பில் லேசரையும் ஒளி உணரியையும் சேர்த்துவிடலாம். 2004-இல் இன்ஃபினெரா நிறுவனம் தலா 10 கிகாபிட் வேகத்தில் பத்து சேனல்களை இப்படி ஒரே சிப்பில் அடக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்ணாடியில் இது நடக்காது.

ஆனால் சும்மா கிடைக்கவில்லை. ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 0.1 நானோமீட்டர் நகர்ந்துவிடும். எட்டு டிகிரி ஏறினால் ஒரு சேனல் பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கும்! சிலிக்காவில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. வெறுமனே பிரிக்க மட்டும் வேண்டிய இடத்தில் சிலிக்கா இன்னும் கொடிகட்டிப் பறக்க இதுவும் ஒரு காரணம்.

சூடேறினால் ஒளிவிலகல் எண் மாறும், பாதையின் ஒளியியல் நீளம் மாறும், கட்டம் மாறும். ஒரே வரி விளக்கம். முப்பட்டகம் வரைந்து முழு மார்க் வாங்கியவரிடம், அந்த சிப்புக்கு அடியில் குளிர்விப்பான் எதற்கு என்று கேட்டால் முழிப்பார். அவர் படத்தில்தான் பாதையே இல்லையே.