இல்லாத கைக்கு ஒரு கண்ணாடி

பெரியப்பாவுக்குச் சர்க்கரையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம், ராத்திரி இரண்டு மணி இருக்கும், "கட்டைவிரல்ல எவனோ ஊசியை வச்சுக் குத்துறான்டா" என்று எழுப்பினார். எந்தக் கால் என்று கேட்டேன். இல்லாத காலைக் காட்டினார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சொன்னபோது இளம் டாக்டர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "வயசாச்சுல்ல, மனப்பிரமை. கண்டுக்காதீங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டில் பெரியப்பாவை நம்பியது ஒரே ஆள்தான், ஐந்து வயதுப் பேத்தி. கால் அரிக்கிறது என்று அவர் சொன்னால் கட்டிலில் ஏறி, வேட்டி மடிந்து கிடக்கும் இடத்துக்கு அப்பால், வெறும் போர்வையைச் சொறிந்துவிடுவாள். "இன்னும் கொஞ்சம் கீழ, பாப்பா" என்பார். அவளும் கீழே போவாள்.

இந்த இதழின் தலையங்கத்துக்கு வேறு விஷயம்தான் யோசித்து வைத்திருந்தேன். அறிவியல் கட்டுரைகள் அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பாதி, எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்பவை. மீதிப் பாதி, நம் ஊர்க்காரர் ஒருவர் அமெரிக்காவில் உலகையே வியக்க வைத்தார் என்பவை. இரண்டாவது வகையில் மூன்று கட்டுரைகள் ஒரே ஆளைப் பற்றி: நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன். மூன்றிலும் புகழ் இருந்தது, மாலை இருந்தது, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இருந்தது. வலித்தவன் எதிலும் இல்லை. அதனால்தான் பெரியப்பாவிலிருந்து தொடங்கினேன்.

வெட்டிய உறுப்பு வலிக்கும் என்று சொன்னவர்களைப் பல காலம் யாரும் முழுதாக நம்பவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களைப் பிலடெல்ஃபியாவில் பார்த்துவந்த நரம்பு மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல் நம்பினார். ஆனால் முதலில் அதை மருத்துவக் கட்டுரையாக எழுதவில்லை, கதையாக எழுதினார். 1866 ஜூலையில் 'அட்லாண்டிக் மன்த்லி' பத்திரிகையில் 'ஜார்ஜ் டெட்லோவின் கேஸ்' என்ற அந்தக் கதை பெயர் போடாமல் வெளிவந்தது. போரில் இரண்டு கையும் இரண்டு காலும் போன ஒருவன் தன் கதையைத் தானே சொல்கிறான். வாசகர்கள் நிஜம் என்றே எடுத்துக்கொண்டு அவனுக்குப் பணம் அனுப்பினார்கள். கடைசியில் ஆவிகளை அழைக்கும் கூட்டம் ஒன்றில் ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்திலிருந்து அவனுடைய கால்கள் வந்து சேர்கின்றன. நாலு எட்டு நடக்கிறான், தள்ளாடி விழுகிறான். கால்கள் அத்தனை நாளும் சாராயத்தில் ஊறியவை அல்லவா! சொன்னால் சக மருத்துவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்து, தானே முதலில் சிரித்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஐந்து வருஷம் கழித்து, 1871இல், தன் பெயரிலேயே எழுதி, 'மாய உறுப்பு' என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

பெயர் வந்த பிறகும் வலிக்கு வழி தெரியவில்லை. வெட்டிய இடத்தில் நரம்பு முனை முண்டு கட்டிக்கொண்டு உறுத்துகிறது என்று மிச்சமிருந்ததையும் இன்னும் கொஞ்சம் வெட்டினார்கள். பெரும்பாலும் வலி ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

திருப்பம் ஒரு அசிங்கமான இடத்திலிருந்து வந்தது. 1981இல் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் ஊரில், ஆய்வகம் ஒன்றில் குரங்குகளைக் கொடுமைப்படுத்துவதாகப் புகார் வந்து போலீஸ் அவற்றைக் கைப்பற்றியது. கைக்குப் போகும் உணர்வு நரம்புகள் வெட்டப்பட்ட குரங்குகள் அவை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நரம்பை வெட்டிப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, சாகும் தறுவாயில் அவற்றின் மூளையைச் சோதித்தபோது, கைக்குரிய பகுதி சும்மா இருக்கவில்லை. முகத்தைத் தொட்டால் அது பதில் சொன்னது. டிமதி பான்ஸும் கூட்டாளிகளும் 1991இல் இதை வெளியிட்டார்கள். மூளையில் உடம்பின் வரைபடம் இருப்பதை மாண்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மின்சாரத்தால் தொட்டுக் காட்டி வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம். ஆளில்லாத வீட்டில் பக்கத்து வீட்டுக்காரன் புகுந்துகொண்டான் என்று புரிந்துகொண்டார்கள்.

சான் டியாகோவில் அதைப் படித்த ராமச்சந்திரன், கார் விபத்தில் கையை இழந்த ஓர் இளைஞரை உட்காரவைத்துக் கண்ணைக் கட்டினார். காது குடையும் பட்ஸை எடுத்துக் கன்னத்தில் தொட்டார். "எங்கே தெரிகிறது?" கன்னத்தில். அதோடு இல்லாத கட்டைவிரலிலும். கன்னத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், அது வழிந்து இறங்குவது இல்லாத கை நெடுகத் தெரிந்தது. ஸ்கேன் எந்திரம் இல்லை, கோடிக்கணக்கில் நிதி இல்லை, ஒரு பட்ஸ். அவரைப் பற்றி எனக்குப் பிடித்தது இந்தக் கஞ்சத்தனம்தான்.

அவர் அடுத்துச் செய்த கண்ணாடிப் பெட்டி இன்னும் மலிவு. மோட்டார் சைக்கிள் விபத்தில் கைக்கு வரும் நரம்புகள் தண்டுவடத்திலிருந்து பிய்ந்து, செயலிழந்த கையைத் தூளியில் ஒரு வருஷம் தொங்கப்போட்டுப் பிறகு எடுத்துவிட்ட ஒருவர் வந்தார். பத்து வருஷமாக மாயக் கை விறைத்துப்போய், ஒரு கோணத்தில் இறுகி வலிக்கிறது. ராமச்சந்திரன் இப்படி யோசித்தார்: கை உயிரோடு செயலிழந்து கிடந்த அந்த வருஷம் முழுக்க மூளை 'அசை' என்று உத்தரவு போட்டிருக்கும், 'அசையவில்லை' என்று கண் பதில் சொல்லியிருக்கும். கேட்டுக் கேட்டு மூளை அந்த முடக்கத்தையே பாடமாகப் படித்துவிட்டது. அப்படியானால் கண்ணைக் கொண்டே அந்தப் பாடத்தை அழிக்க வேண்டும். மேல்மூடி இல்லாத ஒரு பெட்டி, நடுவில் செங்குத்தாக ஒரு கண்ணாடி. நல்ல கையைக் கண்ணாடி பார்க்க வைத்தால், போன கை இருந்த இடத்தில் அதன் பிம்பம் நிற்கும். இரண்டு கையையும் சேர்த்து ஆட்டச் சொன்னார். கை திரும்ப ஒட்டிக்கொண்டது போல இருக்கிறது என்று அந்த மனிதர் கத்தினார். கண்ணை மூடியதும் பழையபடி உறைந்தது. பெட்டியை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். சில வாரங்கள் கழித்துப் போன் வந்தது: கை காணாமல் போய்விட்டது! முழங்கையும் முன்கையும் முழங்கையில் இருந்த வலியும் போய்விட்டன. விரல்கள் மட்டும் போகாமல் தோளிலிருந்து நேராகத் தொங்குகின்றனவாம்.

தோளில் தொங்கும் அந்த விரல்களை நம் மூன்று கட்டுரையாளர்களும் விட்டுவிட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் நம்பகமான பகுதியே அதுதான். இட்டுக்கட்டுகிறவனுக்கு அப்படி ஒரு மிச்சம் வைக்கத் தோன்றாது.

இரண்டு கையும் உள்ளவர்கள் இந்தக் கண்ணாடி வித்தையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சாப்பாட்டு மேஜைமேல் கண்ணாடியை நிறுத்தி, இடது கையைப் பின்னால் மறைத்து, வலது கையைக் கண்ணாடி முன் வைத்தேன். இரண்டையும் ஒன்றாக மூடித் திறந்தேன். அரை நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு வலது கையை நிறுத்திவிட்டு இடது கையை மட்டும் தொடர்ந்தேன். கண்ணாடியில் தெரியும் 'இடது கை' சும்மா இருக்கிறது, என் இடது கையோ அசைந்துகொண்டிருக்கிறது. ராட்டினம் இறங்கும்போது அடிவயிற்றில் வருகிற அந்தக் கூச்சம். இந்தக் கை யாருடையது என்று ஒரு கணம் சத்தியமாகத் தெரியவில்லை.

சந்தேகங்களையும் சொல்லிவிடுகிறேன், மாலை போடுகிறவர்கள் சொல்லமாட்டார்கள். 2007இல் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், காலை இழந்தவர்களை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். கண்ணாடி கிடைத்த ஆறு பேருக்கும் நாலு வாரத்தில் வலி குறைந்தது. துணி மூடிய கண்ணாடியும் வெறும் கற்பனையும் அவ்வளவு உதவவில்லை. ஆனால் மொத்தமே பதினெட்டுப் பேர். பிறகு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இவ்வளவு அடித்துச் சொல்வதில்லை. சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை.

பக்கத்து வீட்டுக்காரன் கதைக்கும் இப்போது வழக்கு வந்திருக்கிறது. நரம்பியல் ஆய்வாளர் தமர் மேக்கின் 2013இலேயே, மாய வலி அதிகம் உள்ளவர்களின் மூளையில் கைக்குரிய இடம் அழியாமல் இருக்கிறது என்று காட்டினார். 2025இல் அவர் குழு இன்னொன்று செய்தது. கையை எடுக்கப்போகிற மூன்று பேரை எடுப்பதற்கு முன்பே ஸ்கேன் செய்து, எடுத்த பிறகும் ஐந்து வருஷம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். கையின் இடம் அப்படியே இருந்தது, முகம் அதற்குள் புகவில்லை. அப்படியென்றால் கன்னத்தில் தொட்டது கட்டைவிரலில் எப்படித் தெரிந்தது? கேள்வி மறுபடி திறந்துகொண்டது. ராமச்சந்திரனும் எல்லா இடத்திலும் கஞ்சத்தனம் காட்டியவர் அல்ல. உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்குக் கண்ணாடி நியூரான்கள் (ஒரு செயலை நாம் செய்யும்போதும் பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் மூளை அணுக்கள்) செய்யும் என்று 2000இல் அவர் எழுதினார். இன்றுவரை அப்படி எதுவும் நடக்கவில்லை. பட்ஸோடு நின்ற இடங்களில் அவர் சொன்னதைப் பிறர் செய்து பார்க்க முடிந்தது, அதனால்தான் தவறு எங்கே என்றும் தேட முடிகிறது.

மூன்று கட்டுரைகளையும் திருப்பி அனுப்பிவிட்டோம். எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தெருவில் சர்க்கரையில் காலை எடுத்தவர் ஒருவராவது இருப்பார். போய் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

பெரியப்பா அந்தக் காலோடு நாலு வருஷம் இருந்தார். கண்ணாடி விஷயத்தை நான் படித்தது அவர் போன பிறகுதான். கால் என்றால் பெட்டி போதாது, ஆளுயரக் கண்ணாடியைத் தொடைகளுக்கு நடுவே படுக்கைவாட்டில் நிறுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. அவர் கட்டிலுக்கு எதிரே பெரியம்மாவின் கல்யாணத்துக்கு வாங்கிய பீரோ நின்றது. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு, நாலு திருகாணியில் மாட்டியது.