காய்ச்சல் படுக்கைக்கும் இதய நிபுணர் வர வேண்டும்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் டத்தோஸ்ரீ டாக்டர் சுல்கிப்ளி அகமட் அவர்களுக்கு,

செபராங் பிறையின் தெற்கே, சுங்கை பாக்காப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன் நான். ஒரே ஒரு கோரிக்கைக்காகத்தான் இந்த மடல். கடுமையான டிங்கி, இன்ஃபுளுவென்சா, கோவிட் போன்ற வைரஸ் நோய்களால் உயிருக்குப் போராடும் நோயாளியின் இதயத்தை, தொடக்கத்திலேயே ஓர் இதய நிபுணர் பார்த்தாக வேண்டும். நோயாளி பெரிய மருத்துவமனையில் படுத்திருந்தாலும் சரி, எங்கள் ஊர் போன்ற சிற்றூரின் மாவட்ட மருத்துவமனையில் படுத்திருந்தாலும் சரி, அதை முறையாக்கித் தாருங்கள்.

காய்ச்சலுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் பக்கத்தில் கேட்பார்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் என் தங்கை மகனுக்கு டிங்கி வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி குடித்தான், வீட்டில் எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அன்று மாலையே கைகால் சில்லிட்டு, உதடு வெளுத்து, பேச்சு குழறத் தொடங்கியது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. பணியிலிருந்த இளம் மருத்துவ அதிகாரி, சக்கரம் வைத்த ஸ்கேன் கருவியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். இடது மார்பில் பசையைத் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவே கருவியின் முனையை அழுத்தினார். திரையில் கறுப்பு வெள்ளையாக இதயம் தெரிந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் இறுகிச் சுருங்க வேண்டிய அதன் சுவர் லேசாக நடுங்கிவிட்டு நின்றுவிடுவது எனக்கே தெரிந்தது. அவர் அந்தப் படத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, தமக்குத் தெரிந்த இதய நிபுணருக்கு அனுப்பிப் பேசினார். டிரிப்பின் வேகம் குறைந்தது. இதயத்துக்கு வலுவூட்டும் மருந்து ஏறியது. பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

பிறகு தேடித் தேடிப் படித்தபோதுதான், அன்றிரவு எடுத்த முடிவு எவ்வளவு நுட்பமானது என்று விளங்கியது. டிங்கியில் ஆபத்து, காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. நுண்ணிய இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிகிறது, இரத்தம் தடிக்கிறது, அழுத்தம் சரிகிறது. அதை ஈடுகட்ட டிரிப் ஏற்ற வேண்டும். இது சரியான மருத்துவம், இதனால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் சிலருக்கு அதே வைரஸ் இதயத் தசையையும் அழற்சிக்குள்ளாக்கிவிடுகிறது. தளர்ந்த இதயத்தால் ஏற்றுகிற நீரைத் தள்ள முடியாது. நீர் நுரையீரலில் தேங்குகிறது, நோயாளி மூச்சுத் திணறுகிறார். இரு நிலையிலும் இரத்த அழுத்தம் குறைவுதான், நாடி வேகம்தான், கைகால் சில்லிட்டிருப்பதுதான். வெளியே நின்று பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஒருவருக்கு உயிர் கொடுக்கும் டிரிப் மற்றவருக்கு எமனாகலாம். பிரித்துக் காட்டுவது எக்கோ எனும் இதய ஸ்கேன். அதைப் பார்த்து, எவ்வளவு நீர், எந்த மருந்து, எப்போது நிறுத்துவது என்று சொல்லப் பழகிய கண் இதய நிபுணருடையது.

அமைச்சர் அவர்களே, அந்த மருத்துவ அதிகாரிக்கு எக்கோ எடுக்கத் தெரிந்திருந்தது தற்செயல். ஒரு நிபுணரின் எண் அவர் கைப்பேசியில் இருந்ததும் தற்செயல். என் தங்கை வீட்டுக்குக் கிடைத்த அந்த நல்ல நேரம், அடுத்த படுக்கையில் கிடந்தவருக்கு வாய்க்காமல் போயிருக்கலாம். அதுதான் என் கவலை.

எங்கள் பினாங்கு மாநிலத்துக்கு டிங்கியோடு பழைய தொடர்பு. பினாங்கில் கண்ட டிங்கியைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 1902இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்துவிட்டது. இரத்தக்கசிவு டிங்கி இந்நாட்டில் முதலில் பதிவானதும் 1962இல் பினாங்கில்தான். 2024இல் நாடு முழுவதும் 122,000க்கும் மேற்பட்டோருக்கு டிங்கி கண்டது, 117 பேர் இறந்தனர். அந்த 117 பேரில் எத்தனை பேருக்கு இதயம் தளர்ந்திருந்தது, எத்தனை பேருக்கு எக்கோ எடுக்கப்பட்டது என்பதையும் மக்கள் அறிய வேண்டும்.

டிங்கியோடு இது முடிவதில்லை. 1997இல் சரவாக்கில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவியபோது ஏறக்குறைய 30 குழந்தைகள் இறந்தார்கள். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள், மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இதயம் செயலிழந்து போனார்கள். வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருக்கிறது என்றே மருத்துவர்கள் முதலில் எண்ணினார்கள். பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்டோரின் ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. என்டிரோவைரஸ் 71 சிதைத்தது மூளைத்தண்டை. அங்கிருந்து கட்டுமீறிப் பாய்ந்த நரம்புத் தூண்டலால் இதயம் களைத்து விழுந்தது, நுரையீரலில் நீர் கோத்தது. அடுத்த ஆண்டே தைவானில் அதே நோய் 78 பேரைக் கொண்டுபோனது. பின்னர் அங்குள்ள மருத்துவர்கள் மில்ரினோன் என்ற மருந்தை அத்தகைய குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, இறப்பு குறைந்ததாகப் பதிவு செய்தார்கள். மில்ரினோன் இதயச் செயலிழப்புக்கான மருந்து. நோய் மூளையில் இருந்தாலும், பிள்ளையைக் காக்க இதய மருத்துவம் தேவைப்பட்டது. இந்தப் பாடத்துக்கு மலேசியக் குழந்தைகள் கொடுத்த விலை பெரிது.

வைரஸ் நோயில் இதயத்தைக் கவனிப்பது எவ்வளவு முக்கியம் என்பது கோவிட் காலத்தில் உலகத்துக்கே தெரிந்தது. 2020 தொடக்கத்தில் வூஹானில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்த 416 கோவிட் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டதை டிரோபோனின் பரிசோதனை 82 பேரிடம் காட்டியது. அந்த 82 பேரில் 42 பேர் இறந்தார்கள். மீதமுள்ள 334 பேரில் இறந்தவர்கள் 15 பேர். ஆபத்து யாருக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட ஓர் இரத்தப் பரிசோதனை அது.

அதே ஆண்டு தமிழர் வீடுகளில் எல்லாம், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக இயங்கும் எக்மோ இயந்திரத்தின் பெயர் நுழைந்தது. பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் ஆகஸ்ட் 5இல் சென்னை எம்ஜிஎம் ஹெல்த்கேர் மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து செப்டம்பர் 25இல் மறையும்வரை, ஒவ்வொரு அறிக்கைக்கும் மலேசியத் தமிழர்களும் காத்துக் கிடந்தோம். எக்மோவில் வைத்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அதே மருத்துவமனையில், அதே ஆகஸ்டின் இறுதியில், கோவிட்டால் நுரையீரல் முழுக்கக் கெட்டுப்போன வேறொருவருக்கு இரு நுரையீரல்களும் மாற்றப்பட்டன. அதைச் செய்தது டாக்டர் கே.ஆர். பாலகிருஷ்ணன் தலைமையிலான இதய, நுரையீரல் மாற்று அறுவைக் குழு. எக்மோ என்பதே, திறந்த இதய அறுவையின்போது இரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, உடம்புக்குத் திருப்பி அனுப்பும் இயந்திரத்திலிருந்து பிறந்ததுதான். எந்தக் குழாயை எந்த இரத்தக்குழாயில் செருகுவது, இரத்தம் உறையாமலும் பெருகாமலும் எப்படிக் காப்பது என்பதெல்லாம் இதயப் பிரிவுகளில் வளர்ந்த கைத்திறன்.

எல்லாருக்கும் எக்மோ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது பெரும் செலவு, பெரும் உழைப்பு. மீளவே வழியில்லாத உடம்பில் அதை மாட்டி வைப்பது குடும்பத்துக்கும் வதை. ஆனால் வைரஸால் திடீரென்று தளரும் இதயத்தின் தனித்தன்மை என்னவென்றால், அது பெரும்பாலும் தானே மீளக்கூடியது. சில நாள் தாக்குப்பிடிக்க வைத்தால் போதும், தசை மறுபடி வலுப்பெறும். அந்தச் சில நாளைத்தான் இந்த இயந்திரம் வாங்கித் தருகிறது. வாழ வேண்டிய வயதில் இருப்பவருக்கு அதை மறுப்பது நியாயமாகாது.

எங்கள் ஊரின் நிலையைச் சொல்கிறேன். கரும்புத் தோட்டக் காலத்திலிருந்தே தமிழர்கள் இந்த மண்ணில் உழைத்திருக்கிறார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் எனப்படும் மருத்துவ உதவியாளர்தான் எல்லாம், மருத்துவர் எப்போதாவது வந்து போவார் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்குள்ள மருத்துவர்களும் தாதியரும் முகம் சுளிக்காமல் பாடுபடுகிறார்கள். ஆயினும் இதய அறுவைப் பிரிவு இருப்பது கடலுக்கு அப்பால், ஜார்ஜ் டவுன் பெரிய மருத்துவமனையில். கோலாலம்பூரின் தேசிய இதயக் கழகமோ 300 கிலோமீட்டருக்கு மேல். தீவுக்குச் செல்ல 2014இல் திறந்த இரண்டாவது பாலம் எங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் இரத்த அழுத்தம் நிலைகொள்ளாத ஒருவரை ஆம்புலன்சில் ஏற்றிப் பாலம் கடப்பதே உயிரைப் பணயம் வைப்பது.

நோயாளி போக முடியாவிட்டால் குழு வர வேண்டும். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனைக் குழுவினர் 1990களிலிருந்தே அப்படித்தான் செய்கிறார்கள். நோயாளி கிடக்கும் ஊருக்கே போய், அங்கேயே எக்மோவில் இணைத்து, பிறகு பத்திரமாகக் கொண்டுவருகிறார்கள். பினாங்குத் தீவிலிருந்து பெருநிலத்துக்கு அப்படி ஒரு குழு இரவும் பகலும் வரக்கூடிய நிலையை உருவாக்குங்கள்.

இதய நிபுணர்கள் போதவில்லை என்று தங்கள் அதிகாரிகள் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் ஒருவரை உட்கார வைக்கச் சொல்லவில்லை. மாரடைப்புக்குத் தங்கள் அமைச்சே வழி காட்டியிருக்கிறது. மாரடைப்பு வந்தவரைச் சிறிய மருத்துவமனையிலிருந்து அடைப்பு நீக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குத் தாமதமின்றிச் சேர்க்கும் மைஸ்டெமி வலையமைப்பு அது. யார் யாரை அழைப்பது என்று முன்கூட்டியே முடிவாகியிருப்பதுதான் அதன் பலம். அதே வலையமைப்பில் வைரஸால் தளரும் இதயத்தையும் சேருங்கள். கடுமையான டிங்கி என்று சேர்க்கப்படுபவருக்கு எக்கோ எடுக்க ஒரு கருவியும், எந்த வேளையிலும் அதைக் கையாளத் தெரிந்த ஒருவரும் மாவட்ட மருத்துவமனையில் இருக்கட்டும். படம் போய்ச் சேர வேண்டிய நிபுணரின் பெயர் அன்றன்றைக்குப் பணிப்பட்டியலில் எழுதியிருக்கட்டும்.

கருவி வாங்குவதைவிட ஆளைப் பழக்குவதுதான் கடினம். 2021 ஜூலை 26இல் ஒப்பந்த மருத்துவர்கள் நிலையான வேலை கேட்டு நாடெங்கும் வெளிநடப்புச் செய்ததை நாங்கள் மறக்கவில்லை. இரவுப் பணியில் காய்ச்சல் நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்களைப் போன்ற இளையவர்கள். அவர்களுக்கு நிலையான வேலையும் எக்கோ பயிற்சியும் கொடுத்தால், வேலையை விட்டுப் போக மாட்டார்கள், கற்ற வித்தையும் ஊரில் தங்கும்.

டிங்கி மரணங்களை ஆராயும்போது இன்னும் இரண்டு கேள்விகள் சேர்க்கச் சொல்லுங்கள்: இவருக்கு எக்கோ எப்போது எடுக்கப்பட்டது? இதய நிபுணர் எப்போது அழைக்கப்பட்டார்? பதிலை ஆண்டுதோறும் மாநில வாரியாக வெளியிடுங்கள். கேள்வி கேட்கப்படும் என்று தெரிந்தாலே பாதி வேலை நடக்கும்.

ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம் என்று தாங்கள் நினைத்தால், செபராங் பிறைத் தெற்கிலேயே தொடங்குங்கள். தீவு பக்கத்தில், பாலம் அருகில், பெரிய மருத்துவமனையில் இதயப் பிரிவும் இருக்கிறது. இவற்றை இணைக்கத் தங்கள் உத்தரவு ஒன்று போதும். அதை இந்த ஆண்டே பிறப்பிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுங்கை பாக்காப் குடிமகன் ஒருவன்