டவருக்கும் ஊர், சேரி உண்டு

போன வாரம் ஒரு கல்லூரித் தம்பி போன் செய்தார். "அண்ணா, எங்க காலனி மைதானத்துல செல்போன் டவர் போட அளந்துட்டுப் போயிருக்காங்க. கதிர்வீச்சுல கேன்சர் வரும்னு கலெக்டர்கிட்ட மனு கொடுக்கலாமா?"

முதலில் எங்கே போடுவதாக இருந்தார்கள் என்று கேட்டேன். ஊர்த்தெருவில், ஒருவருடைய பட்டா மனையில். கதிர்வீச்சுக்குப் பயந்து தெருக்காரர்கள் கூடி எதிர்த்ததும், இடம் காலனிக்கு மாறியிருக்கிறது.

மனுவில் எழுத வேண்டியது இதைத்தான் என்றேன்.

தோழர்களே, கதிர்வீச்சை மட்டும் சொல்லி வாதாடினால் தோற்போம். சர்வதேச அளவுகோலில் பத்தில் ஒரு பங்குதான் இந்தியாவில் வரம்பு. 2012 செப்டம்பர் முதல் இதுதான் விதி. அந்த வரம்புக்குள் இருக்கிற டவரால் புற்றுநோய் வரும் என்று காட்ட நம் கையில் ஆதாரம் இல்லை. நிறுவனம் சான்றிதழை நீட்டியதும் அதிகாரி கோப்பை மூடிவிடுவார். மேலும், நமக்கும் சிக்னல் வேண்டும். 2020-இல் பள்ளிகளை மூடியபோது சிக்னல் தேடி அலைந்த பிள்ளைகளை மறந்துவிட முடியாது. டவர் வேண்டுமா என்பதல்ல, அதை எங்கே நிறுத்துவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, தனியார் நிலமென்றால் உரிமையாளரும் நிறுவனமும் பேசி முடித்துக்கொள்ளலாம். பொது நிலமென்றால் அந்த நிலத்துக்குப் பொறுப்பான அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். கெடுவுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும். விதி நாட்களை எண்ணுகிறது, கட்டணத்தை எண்ணுகிறது. எந்தத் தெரு மறுத்ததால் டவர் எந்தத் தெருவுக்கு வந்தது என்று மட்டும் கேட்பதில்லை. ஊர்க்காரர் 'வேண்டாம்' என்றால் வாய்ச்சொல்லே போதும். நாம் சொன்னால் மனு, நகல், ஒப்புகைச் சீட்டு எல்லாம் வேண்டும்.

பட்டா நிலத்தில் நின்றால் மாத வாடகை நிலக்காரருக்கு. நம் மைதானத்தில் நின்றால் கட்டணம் அரசுக் கணக்குக்கு. ஜெனரேட்டர் புகையும் சத்தமும் நமக்கு, விளையாட இடமில்லாமல் போவது நம் பிள்ளைகளுக்கு. டவருக்குச் சொத்துவரி போடலாம் என்று குஜராத் வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 சட்டத்தின் 14-ஆவது பிரிவோ, சொத்துவரிக்குக்கூட தொலைத்தொடர்புக் கட்டமைப்பை அந்தச் சொத்தின் பகுதியாகக் கருதக் கூடாது என்கிறது. உள்ளாட்சியின் பிடி இன்னும் தளர்ந்துவிட்டது.

விதியில் சாதி என்ற சொல்லே இல்லையே என்பார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1910-இல் கறுப்பினத்தவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று நேரடியாகவே சட்டம் போட்டது. இத்தகைய சட்டம் செல்லாது என்று 1917-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் மனை அளவு, வீட்டு வகை என்று பொதுவான சொற்களில் மண்டல விதிகள் வந்தன. இனம் என்ற சொல் விதியிலிருந்து போனது. பிரிவினை தெருவில் அப்படியே நின்றது. இங்கே கோடு ஏற்கெனவே போட்டாகிவிட்டது. விதி அதைப் பார்க்காமல் இருந்தாலே போதும், அது வேலை செய்யும்.

செய்ய வேண்டியவை:

ஒன்று, நிலம் என்ன வகை என்று 'அ' பதிவேட்டில் பாருங்கள். பஞ்சமி நிலமாக இருந்தால் வழக்கே வேறு.

இரண்டு, முதலில் எந்த இடத்துக்குப் பேசினார்கள், ஏன் மாற்றினார்கள், விண்ணப்பம் கொடுத்த தேதி எது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் வர 30 நாள் ஆகலாம். அதற்குள் கெடு ஓடிவிடக்கூடும். எனவே ஆட்சேபணையை இன்றே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

மூன்று, அடுத்த கிராமசபையில் தீர்மானம் கொண்டுவந்து பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள்.

நான்கு, டவருக்கு ஏற்ற வேறு இரண்டு இடங்களை நீங்களே எழுதிக் கொடுங்கள். வளர்ச்சிக்கு எதிரி என்ற பெயரை யாரும் நம் மீது ஒட்ட முடியாது.

தம்பி மனுவைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார். முதல் வரியில் இப்போது புற்றுநோய் இல்லை. "ஊர்த்தெரு வேண்டாம் என்றதால் எங்கள் மைதானத்துக்கு மாற்றப்பட்டது" என்றுதான் தொடங்குகிறது.