வீட்டு இன்ஷூரன்ஸ்: போட்ட கிளைமை வாபஸ் வாங்கலாமா?

கிளைம் போட்டாச்சு, சர்வேயரும் வந்து போட்டோ எடுத்துட்டுப் போயாச்சு. அதன்பிறகு ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "இது பாஸ் ஆகாதுங்க. நீங்களே வாபஸ் வாங்கிட்டா சுலபமா முடிஞ்சிடும்." என்ன செய்வீர்கள்?

திருத்தணி மாதிரி ஊர்களில் பெற்றோர் இருக்கும் வீட்டுக்கு பாலிசி எடுத்திருப்பது பெரும்பாலும் சென்னைக்கு ரயிலேறி வேலைக்குப் போகும் பிள்ளைகள்தான். சூறைக்காற்றில் சேதமாவது ஊரில் இருக்கும் கூரை. போன் வருவதோ ஆபீஸ் மீட்டிங் நடுவில். "சரி, விட்டுடுங்க" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள்.

வாபஸ் வாங்க முடியுமா?

முடியும். பணம் செட்டில் ஆவதற்கு முன் பாலிசி எண், கிளைம் எண், காரணம் மூன்றையும் எழுதி மெயில் அனுப்பி, ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கடன் இருந்து, பாலிசியில் வங்கியின் பெயரும் இருந்தால் வங்கிக்கும் தகவல் சொல்ல வேண்டும்.

எப்போது வாங்கலாம்?

நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்து, தேவையில்லை என்று முடிவு செய்தால் வாங்கலாம். ரிப்பேர் செலவு மிகக் குறைவாக இருக்கலாம். சேதத்துக்குக் காரணமானவரே பணம் கொடுத்திருக்கலாம். அல்லது, காரணம் பாலிசிக்குள் வராமல் இருக்கலாம். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்‌ஷா' பாலிசியில் தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைவது எல்லாம் உண்டு. வருஷக்கணக்கில் சுவரில் ஊறிய ஓதம் கிடையாது.

கார் இன்ஷூரன்ஸ் மாதிரி 'நோ கிளைம் போனஸ்' போயிடுமோ என்று பயந்து வாபஸ் வாங்குபவர்கள், முதலில் தங்கள் வீட்டு பாலிசியில் அப்படி ஒரு போனஸ் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

எப்போது வாங்கக் கூடாது?

"பாஸ் ஆகாது" என்று யாரோ வாயால் சொன்னதற்காக வாங்கக் கூடாது. நிறுவனம் நிராகரித்தால் அது அவர்கள் முடிவு. காரணத்தை எழுத்தில் கேட்கலாம், அதை எதிர்த்து மேலே போகலாம். நீங்கள் வாபஸ் வாங்கினால் அது உங்கள் முடிவாகிவிடும். இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போவது நிராகரிப்பு, தொகைக் குறைப்பு, தாமதம் போன்ற புகார்களுக்காக. நீங்களே விட்டுக்கொடுத்த கிளைமில் இவை எதுவும் இல்லை என்று நிறுவனம் வாதிட வழி திறந்துவிடும்.

"டாக்குமென்ட் பத்தலை" என்பதும் காரணமாகாது. ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் கிளைமை நிராகரிக்கக் கூடாது என்று 2024 ஜூன் மாத சுற்றறிக்கையில் ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. சர்வேயர் நியமிக்கப்பட்டு 15 நாளில் அறிக்கை, அறிக்கை வந்த 7 நாளில் முடிவு என்றும் அதே சுற்றறிக்கை கெடு வைத்திருக்கிறது. சர்வேயர் கட்டணமும் நிறுவனத்தின் செலவுதான்.

யாரிடம் போவது?

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ரூ.50 லட்சம் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. திருத்தணிக்காரர்களுக்கு சென்னை அலுவலகம். எல்லை தாண்டி நகரியில் குடியிருப்பவர்களுக்கு ஹைதராபாத். ஆனால், பாலிசி கொடுத்த கிளை சென்னை அலுவலக எல்லைக்குள் இருந்தால் அவர்களும் சென்னைக்கே வரலாம்.

ஏற்கெனவே கையெழுத்து போட்டாச்சா?

முழுத் தொகையும் பெற்றதாக எழுதிக்கொடுத்தாலும், அது ஏமாற்றியோ நிர்ப்பந்தித்தோ வாங்கியது என்று நிரூபித்தால் நுகர்வோரின் உரிமை போகாது என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாபஸ் கடிதம் வேறு வகைதான். ஆனாலும் அதே வாதத்தை வைத்துப் பார்க்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டும்.

வாபஸ் வாங்கினால் கிளைம் போட்ட பதிவு அழிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அடுத்த பாலிசி எடுக்கும்போது கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் வேண்டும்.

கிளைம் நிற்காது என்று தெரிந்தால் அதை எழுதிக் கொடுக்க வேண்டியது நிறுவனத்தின் வேலை. அந்த வேலையை பாலிசிதாரர் தலையில் கட்டுவது நியாயமில்லை. எனவே போனில் யார் சொன்னாலும் ஓடிபி கொடுக்காதீர்கள். "மெயிலில் அனுப்புங்க, படிச்சுட்டு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு போனை வையுங்கள்.